முப்பத்தொன்பது எழுத்து உபயம்

சின்ன காஞ்சிபுரம்
மே 2

அன்புள்ள கொழுந்தனார் ஆனந்தராஜுக்கு அண்ணி ரேவதி எழுதுவது.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன்னுடைய மேப் சாவியை நம் மாவு மில் சுவரில் சிவப்பு எனாமலில் எழுதவைத்தது நான்தான். பெயிண்டர் அருள் தலையில் கட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் எழுத எழுதப் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாக நான் சரிபார்த்ததைத் தெருவே பார்த்திருப்பதால் அது எடுபடாது.

நாலு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. காகிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் ஸ்பீடு போஸ்டில் வருகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கையெழுத்து. கோழி நடந்ததுபோல் இருந்தால் கோழியைத் திட்டு, அண்ணியைத் திட்டாதே.

நடந்தது இதுதான். கருட சேவை அன்று வெளியூர்ப் பெண்களுக்குத் தங்கள் வீட்டுக் கழிவறையைத் திறந்துவிடச் சம்மதித்த நாற்பத்தொரு வீட்டையும் வைத்து, எங்கள் மகளிர் குழுவுக்கு நீ ஹைதராபாத்தில் உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாய். மேப்பில் ஒவ்வொரு வீடும் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டால் வழி காட்டும். முடித்த அன்று எனக்கு நீளமாக ஏதோ எழுத்துகளை அனுப்பி, "இதான் அண்ணி சாவி. இது இருந்தாத்தான் மேப் கம்பெனிக்காரன் நமக்கு மேப்பு குடுப்பான். பத்திரமா வச்சிக்கோங்க" என்றாய். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது.

பத்திரமாக என்றால் நான் என்ன செய்வேன்? போனில் வைத்தால் போன் மாவு டிரம்மில் விழுகிறது. போன வருஷம் விழுந்தது. தாளில் எழுதினால் உன் அண்ணன் அதில் போண்டா வைத்துச் சாப்பிடுவார். நம் ஊரில் பத்திரமாக இருக்க வேண்டியதை எல்லாம் சுவரில்தானே எழுதியிருக்கிறார்கள்? பெருமாள் கோயில் சுவரில் ராஜாக்கள் எழுதிவைத்தது இத்தனை நூறு வருஷமாக அப்படியே இருக்கிறது, ஒருத்தனும் தூக்கிக்கொண்டு போகவில்லை. உங்கள் கூரத்தில் செப்புத் தகட்டில் எழுதினார்கள் என்று நீயே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தகடு கிடைக்கவில்லை. மாவு மில் சுவர் கிடைத்தது.

அதோடு, கொடுத்தவர் பெயரை உபயம் என்று போடாமல் இந்த ஊரில் ஒரு பல்பாவது எரிந்திருக்கிறதா? மின்விசிறி இறக்கையில்கூட எழுதுகிறார்கள், சுற்றும்போது யாராலும் படிக்க முடியாவிட்டாலும். அதனால் நாற்பத்தொரு வீட்டுப் பெயரையும் எழுதி, அடியில் "மேப் சாவி உபயம்: கூரம் ஆனந்தராஜ்" என்று போடச் சொன்னேன். எந்தச் சாவி, காட்டு பார்க்கலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் உனக்குத்தானே அவமானம்? அதனால் சாவியையும் கீழே எழுதவைத்தேன். உன் பெயர் ஒரு முழ உயரம். பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கலாம்.

அது போட்டோவாகி உன் ஆபீஸ் வரைக்கும் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரோ நம் சாவியை எடுத்து ஓட்டுகிறான், அதனால்தான் காலை ஒன்பது மணிக்கே மேப் வெளுத்துப்போகிறது என்று நீ குழுவுக்கு அனுப்பியதை எங்கள் குழுவில் இருக்கிற தேவகிதான் படித்துச் சொன்னாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் எனக்கு எங்கே புரியும்? கடைசியில் "இனிமே அண்ணி எங்கிட்ட பேச வேணாம்" என்று இருந்ததாம். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள், பாவி.

கருட சேவை மே 30. இன்னும் இருபத்தெட்டு நாள். சுவரை அழிக்கவா, வேண்டாமா? ஒரு வரி எழுது.

அண்ணி ரேவதி


ஹைதராபாத்
மே 6

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. போனை நான் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டால் இரண்டாவது நிமிஷம் சிரித்துவிடுவேன். அப்புறம் என் கோபத்துக்கு மரியாதை இருக்காது. அதனால் நானும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியின் கணினி மையத்தில். பாதுகாப்புதான் என் வேலை. அந்தச் சுவரின் போட்டோ எங்கள் டீமில் எல்லோருடைய போனுக்கும் வந்தது. என் பெயர், என் ஊர், என் சாவி, மூன்றும் சிவப்பில். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஆனந்த், உங்க ஊர்ல ஏடிஎம் நம்பரை எங்கே எழுதி வைப்பீங்க, கோபுரத்திலேயா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நடப்பது இது. ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் மேப் திறக்கலாம் என்று நம் சாவிக்கு நான் ஓர் அளவு வைத்திருக்கிறேன். எங்கோ ஒரு லாட்ஜ் புக்கிங் வெப்சைட்காரன் நம் சாவியைப் போட்டுத் தன் மேப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் வருகிறவர்களே காலையில் நம் அளவைத் தீர்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நம் பக்கத்தைத் திறக்கிற பெண்ணுக்கு வெறும் கட்டம்தான் தெரியும்.

சுவரை அழித்துவிடுங்கள். இன்றே. மேப்பையும் நான் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நாற்பத்தொரு விலாசத்தையும் நோட்டீஸில் அச்சடித்துக் கொடுங்கள், போதும்.

ஆனந்தராஜ்


சின்ன காஞ்சிபுரம்
மே 10

அன்புள்ள ஆனந்தராஜுக்கு,

உன் கடிதத்தில் "அன்புள்ள" என்கிற வார்த்தை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தபால்காரரிடம் கேட்டேன், தன் பையில் இல்லை என்கிறார். என்னுடையதில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

மேப்பை எடுக்க விடமாட்டேன்.

போன வருஷம் கருட சேவையில் உங்கள் கூரத்து ஜெயம்மாள் என் வாசல்படியில் சுருண்டு விழுந்தாளே, நினைவிருக்கிறதா? சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வாயருகில் வைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். "தண்ணி வாணாம்மா. குடிச்சா அப்பால எங்க போறது? விடிகாலைலேந்து ஒரு மொடக்கு குடிக்கல" என்றாள். வெயிலில் பெருமாளைப் பார்க்க வந்தவள், தண்ணீரைப் பார்த்துப் பயந்தாள் தம்பி. அன்றைக்குத்தான் எழுந்தேன், தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்ட.

விலாசம் போதும் என்கிறாய். நேற்று ஜெயம்மாளை வரவழைத்து, விலாசத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, அம்ருதவல்லி மாமி வீட்டுக்குப் போ என்று அனுப்பினேன். நாற்பது நிமிஷம். அதுவும் கூட்டமில்லாத நாளில். அப்புறம் இன்று விடியற்காலையில், உன் லாட்ஜ்காரன் எழுந்திருக்கும் முன்னால், அவள் மருமகள் கையில் மேப்பைக் கொடுத்து அனுப்பினேன். ஆறு நிமிஷம். அவசரத்தில் இருக்கிறவளுக்கு முப்பத்துநாலு நிமிஷம் என்றால் என்னவென்று ஆம்பிளை உனக்கு விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அந்த மாமி வீட்டுக்கு நான் ஆறு தடவை நடந்தேன். ஆசாரமான வீடு, யோசித்தார்கள். ஏழாவது தடவை போனபோது மாமியே கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "ரேவதி, எங்காத்தையும் சேத்துக்கோ. ஆனா மேப்புல கொல்லைச் சந்து வழியா வர்ற மாதிரி போடச் சொல்லு" என்றார். அந்தச் சந்தை நோட்டீஸில் எப்படி அச்சடிப்பாய்?

சுவரை அழிக்கவில்லை. சாவி இருக்கிற வரியின்மேல் மட்டும் கோணிப்பை மாட்டியிருக்கிறேன். உன் பெயர்மேல் சுண்ணாம்பு அடிக்க அருளுக்குக் கை வரவில்லையாம். உண்மையில் எனக்குத்தான் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கேயோ இருக்கிற லாட்ஜ்காரன் நம் மாவு மில் சுவரைப் பார்த்துத்தான் எடுத்தானா? அருள் எழுதியது ஏப்ரல் 24. அவன் எந்தத் தேதியிலிருந்து தின்கிறான் என்று பார்த்தாயா? என் கடையில் மாவு குறைந்தால், யார் எடுத்தது என்று கேட்கிறதுக்கு முன்னால் என்றைக்கிலிருந்து குறைகிறது என்றுதான் பார்ப்பேன்.

அண்ணி ரேவதி


ஹைதராபாத்
மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 15. அருள் பிரஷ்ஷைத் தொடுவதற்கு ஒன்பது நாள் முன்பு. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறான், மாதக் கடைசியில்தான் மொத்தமாக அள்ளியிருக்கிறான். மேப் வெளுத்ததும் சுவர் போட்டோ வந்ததும் ஒரே வாரம் என்பதால் நான் சுவரையே பிடித்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. மேப் இருக்கிற வெப்சைட்டில் சாவி ஒளிந்திருப்பதே இல்லை அண்ணி. பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் அதைப் படித்துவிடலாம். அதனால் அதை மறைப்பது பாதுகாப்பே இல்லை. "இன்ன வெப்சைட்டிலிருந்து கேட்டால் மட்டும் இந்தச் சாவி வேலை செய்யட்டும்" என்று மேப் கம்பெனியிடம் சொல்லிவைப்பதுதான் பாதுகாப்பு. அதைச் சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. மார்ச் மாதம் சாவி எடுத்தபோது, அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவன் நான். பாதுகாப்புதான் என் வேலை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதே ஆள்.

பன்னிரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். இன்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.

மேப் இருக்கும். புதுச் சாவி எடுத்து, நம் வெப்சைட் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு, மேப் காட்டுவதைத் தவிர வேறு எதற்கும் உதவாதபடி அடைத்துவிட்டேன். நம் பக்கத்தில் புதியதை வைத்து இரண்டு நாள் பார்த்தேன். நம்மில் யாரும் பழையதைத் தொடவில்லை என்று உறுதியான பிறகு பழையதை நீக்கினேன். இப்போது வெறும் கட்டம் லாட்ஜ்காரனுக்கு. கருட சேவைக்கு வரும் கூட்டத்துக்குத் தகுந்தபடி தினசரி அளவையும் கூட்டிவிட்டேன்.

ஒன்றுதான் பாக்கி. மே 30 அன்று காலை ஐந்து முதல் மதியம் இரண்டு வரை எனக்கு ஷிஃப்ட். போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அன்று ஏதாவது ஆனால் சரிசெய்ய அங்கே ஒருவர் வேண்டும். கணக்கில் உங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறேன். எனக்கு இருக்கிற உரிமை அத்தனையும் உங்களுக்கும் உண்டு. எங்கே தொட வேண்டும், என்ன வரும் என்று தமிழில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் சுவரில் எழுத வேண்டாம்.

கோணிப்பையை எடுத்துவிடுங்கள். அந்த முப்பத்தொன்பது எழுத்தும் இனி எதையும் திறக்காது. பெயர் இருக்கட்டும்.

ஆனந்தராஜ்


சின்ன காஞ்சிபுரம்
மே 20

அன்புள்ள ஆனந்தராஜுக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? வைத்துக்கொள்ள என் வீட்டில் இடமில்லை. அடுத்த தீபாவளிக்கு வரும்போது ஒரு கிலோ ஹைதராபாத் பிஸ்கெட்டாக மாற்றிக் கொடு.

கோணிப்பையை எடுத்தாயிற்று. நீ சொன்னதைக் குழுவில் நான்தான் விளக்கினேன். "கல்யாணத்துல பந்திக்கு டோக்கன் குடுக்கறாங்கல்ல? டோக்கன்ல மண்டபத்து பேரு போடலன்னா எவன் வேணா எடுத்துக்கினு போயி எந்த மண்டபத்துல வேணா துன்னுவான். நம்ம ஆனந்து பேரு போட மறந்துட்டான். இப்ப போட்டுட்டான்" என்றேன். எல்லோருக்கும் புரிந்தது. உன் மேனேஜருக்கும் இப்படியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

தேவகி பி.காம். படித்தவள் அல்லவா, "குடுக்கா, அத்த நா பாத்துக்கிறேன்" என்று என் போனுக்குக் கையை நீட்டினாள். "அவன் எம் பேரத்தாண்டி போட்டுக்கீறான்" என்றேன். சொன்னபோது முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. ஐந்தாவது வாத்தியார் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

உன் தாளை வைத்துக்கொண்டு மூன்று தடவை உள்ளே போய் வந்தேன். ஒரு தடவை நம் வெப்சைட் பெயரை அழித்துவிட்டு மறுபடி நானே எழுதினேன். பயப்படாதே, சரியாகத்தான் எழுதினேன். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. உன் அண்ணன், "எம் பொறந்த நாளாடி?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

நோட்டீஸ் இரண்டாயிரம் அச்சகத்தில் கொடுத்தாயிற்று. 29ஆம் தேதி வரும்.

அண்ணி ரேவதி


ஹைதராபாத்
மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று தடவை உள்ளே போய் வந்ததை இங்கிருந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு விஷயம்: மாற்றிச் சேமித்த பிறகு அது நடைமுறைக்கு வர ஐந்து நிமிஷம்வரை ஆகலாம். அதற்குள் பதறி வேறு எதையும் தொடாதீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நம் சுவர் போட்டோவைக் காட்டலாமா என்று மேனேஜர் கேட்டார். கட்டத்தைக் காலியாக விட்டவன் கதையையும் சேர்த்துச் சொல்வதானால் காட்டலாம் என்றேன். "யார் இந்த அண்ணி?" என்று கேட்டார். "எங்கள் அட்மின்" என்றேன்.

ஆனந்தராஜ்


சின்ன காஞ்சிபுரம்
ஜூன் 1

அன்புள்ள ஆனந்தராஜுக்கு அட்மின் அண்ணி எழுதுவது.

போன் பேசுகிற அளவுக்கு நாம் ராசியாகிவிட்டோம், தெரியும். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும். ஏன் என்று கடைசியில் தெரியும்.

விடியற்காலையிலேயே மாவு மில் சுவரடியில், உன் பெயருக்கு நேர் கீழே, மேஜை போட்டுவிட்டோம். மோர்ப் பானை ஒரு பக்கம், நோட்டீஸ் கட்டு ஒரு பக்கம். ஐந்தே முக்காலுக்கு ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒண்ணும் வரலக்கா. கட்டம் மட்டும் இருக்குது." பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் நாலு பேர். தேவகி தன் போனைப் பார்த்துவிட்டு, "நம்முது நல்லா வருதேக்கா. அவங்க போனுதான் சரியில்ல" என்றாள்.

ஆறு போனும் ஒரே நேரத்தில் சரியில்லாமல் போகுமா? உனக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது.

தேவகி போனையும் அந்தப் பெண்ணின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவள் படம் பார்ப்பதுபோல் பார்த்தேன் என்று வைத்துக்கொள். மேலே வெப்சைட் பெயர் இருக்கிற இடத்தில், தேவகியுடையதில் பெயர் மட்டும் இருக்கிறது. அவளுடையதில் பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ வரிசையாக நிற்கின்றன. நாங்களெல்லாம் குழுவில் நீ அனுப்பியதைத் தொட்டுத் திறந்தவர்கள். அவர்கள் நோட்டீஸைப் பார்த்து அடித்தவர்கள். அச்சகத்துக்காரர் தன் வழக்கப்படி மூன்று டபிள்யூவை முன்னால் போட்டு இரண்டாயிரத்தையும் அச்சடித்திருக்கிறார். நம் கட்டத்தில் இருப்பதோ வெறும் பெயர்.

டோக்கனில் ஒரு மண்டபத்தின் பெயர்தான் இருக்கிறது, ஆனால் மண்டபத்துக்கு இரண்டு வாசல் என்று அப்போது பிடிபட்டது.

உள்ளே போனேன். பாஸ்வேர்டு, போனுக்கு வந்த நம்பர், சாவி, கட்டம். ஏற்கெனவே இருந்த வரியைத் தொடவில்லை. அதற்குக் கீழே இரண்டாவது வரியாக மூன்று டபிள்யூவோடு எழுதினேன். சேமித்தேன்.

அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே! அப்போது பார்த்து மேளச் சத்தம் நெருங்குகிறது, குடை தெரிகிறது, கருடன்மேல் பெருமாள் எங்கள் முனையைத் திரும்புகிறார். ஊரே கையைத் தலைக்குமேல் குவிக்கிறது. நான் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெருமாள் தப்பாக நினைக்கமாட்டார், அவர் ஊருக்கு வந்தவர்களுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டேன். நாலாவது நிமிஷம் அந்தப் பெண் "வந்துருச்சுக்கா!" என்று கத்தினாள். நாற்பத்தொரு சிவப்புப் புள்ளி. நிமிர்ந்தேன். பெருமாளுக்குப் பின்னால் பிடித்த குடை மட்டும் கிடைத்தது. அதைச் சேவித்துக்கொண்டேன்.

அப்புறம் மதியம்வரை ஒரு குறையும் இல்லை. அம்ருதவல்லி மாமி வீட்டுக்கு மட்டும் அறுபத்திரண்டு பேர். மாமி எண்ணியிருக்கிறார். "எல்லாரும் கொல்லை வழியாவே வந்தா. உன் கொழுந்தனுக்கு என் ஆசீர்வாதம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு ஜெயம்மாள் வந்தாள். ஒரு டம்ளர் மோரை மடக்கென்று குடித்தாள். இன்னொன்று ஊற்றினேன், அதையும் குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டி, "இன்னும் ஒண்ணு ஊத்தும்மா. எனக்குத்தான் ஊடு தெரியுமே" என்றாள். மூன்றாவதை வெயிலில் நின்று நிதானமாக, ஊரே பார்க்கக் குடித்தாள் தம்பி. அதைப் பார்க்கிறதுக்கு நீ இல்லையே என்று இருந்தது.

சுவரில் உன் பெயருக்குக் கீழே இப்போது அருள் ஒரு வரி சேர்த்திருக்கிறான். "பராமரிப்பு: ரேவதி." உன் பெயரைவிடச் சின்ன எழுத்துதான். அரை விரல் அளவு மட்டும் சின்னது.

இனி, போனில் சொன்னால் நீ சிரித்தே முடிக்கவிடமாட்டாய் என்பதால் எழுத வந்த விஷயம். அந்த நாற்பத்தொரு வீட்டில் முதல் புள்ளி நம் வீடு. கருட சேவைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். நானும் அன்று விடியற்காலை கிளம்பும்போது வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டேன். மேப் நம் வீட்டுக்குப் பதினான்கு பெண்களைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. உன் அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முதல் பெண் கதவைத் தட்டியபோது எழுந்திருக்கிறார். அவர் போனும் தவறி என் பையில் வந்துவிட்டிருந்தது. பதினான்கு பேருக்கும் ஜன்னல் வழியாக மாமி வீட்டுக் கொல்லைச் சந்துக்கு வழி சொல்லியிருக்கிறார். இரண்டரை மணிக்குத் திறந்தேன். காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

அண்ணி ரேவதி